லொள்ளு சபா, குடவாசல் கிளை

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்குமா என்பதில்கூடக் குடவாசல் டீக்கடை ஒரு முடிவுக்கு வந்துவிடும். ‘லொள்ளு சபா’வில் எந்தக் காட்சி உசத்தி என்பதில் வராது. சினிமாக்களைக் கேலி செய்து விஜய் டிவியில் ராம்பாலா இயக்கிய நிகழ்ச்சி. நின்றுபோய்ப் பல வருஷமாச்சு. ஒருவர் அதில் நடித்த சந்தானத்தின் நக்கல் என்பார். இன்னொருவர் எழுந்து, கையை வீசி மனோகர் மாதிரி நடந்தே காட்டுவார். பக்கத்து பெஞ்சுக்காரரின் டீ கொட்டும். வசனம் முக்கால்வாசி தப்பு. சிரிப்பு மட்டும் சரியான இடத்தில் வரும். கேலிக்கு ஆளான அசல் படங்களை இளவட்டம் பார்த்ததேயில்லை. பார்க்க நேர்ந்தால், ‘லொள்ளு சபாவைக் காப்பியடிச்சு சீரியஸா எடுத்திருக்கானுவோ’ என்று வருத்தப்படுகிறது. அதில் நடித்த மனோகர், சுவாமிநாதன், ஜீவா பெயர்களுக்கு முன்னால் இன்றும் ‘லொள்ளு சபா’தான். பல்கலைக்கழகம் கொடுக்கும் பட்டம்கூட இப்படி ஒட்டுவதில்லை.