எதிர்த்துப் பேசாத உத்தமன்

பணிவு என்றால் மோடத்திடம்தான் கற்க வேண்டும். மின்னஞ்சல் சர்வர் பெயரைச் சொன்னால் 'ஓகே' என்பான். பெறுபவர் முகவரியைச் சொன்னாலும் ஓகே. அந்த முகவரியில் ஓரெழுத்து தப்பியிருந்தாலும் ஓகேதான். எசமானரின் தவறைச் சுட்டிக்காட்டும் துடுக்குத்தனம் அவனிடம் இல்லை. 1981-இல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் தொடங்கிவைத்த ஏடி கமாண்ட் (மோடத்துக்கு இடும் கட்டளை) குலத்தில் பிறந்தவன். நாற்பது ஆண்டு கடந்தும் குலப்பழக்கத்தை விடாதவன்.

தலைச்சோலைப் பக்கம் மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்தில் அவனுக்கு வேலை. மழைமானியோடு சேர்ந்த பெட்டிக்குள் உட்கார்ந்து, அன்றைய மழைக் கணக்கையும் மொட்டுகளின் ஒரு படத்தையும் மின்னஞ்சலோடு இணைத்து, இரவில் சேலம் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

இணைக்கும் படத்தை அவனுக்கு ஊட்டும் அழகைப் பார்க்க வேண்டும். சிம்900 வகை மோடம் ஒரு வாய்க்கு 1360 பைட்தான் கேட்கும். 1,00,000 பைட் படம் என்றால் 74 வாய். போதாததற்கு, எழுத்துக்காகப் பிறந்த அஞ்சலில் படம் அப்படியே ஏறாது. மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கினால்தான் ஏறும். 1992-இல் போரன்ஸ்டைனும் ஃபிரீடும் வகுத்த மைம் முறை அது. ஆக, மூன்றில் ஒரு பங்கு சுமை கூடுகிறது. எழுபதாவது வாயில் சிக்னல் அறுந்தால்? விட்ட இடத்திலிருந்து தொடரும் அரைகுறை வேலை அவனுக்குப் பிடிக்காது. முதல் வாயிலிருந்தே தொடங்குவான்.

கொடையிலும் குறைவில்லை. டவர் தொலைவில் இருந்தால் முழு வலுவோடு கத்துவான். அந்தக் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுப்பான். மலையில் சோலார் பேட்டரி அதைத் தாங்காமல் தளர்ந்தால், சுருண்டு விழுந்து எழுவான். எழும்போது கற்பித்த சர்வர், முகவரி எதுவும் நினைவில் இருக்காது. பற்றற்ற ஞானியருக்கும் எளிதில் வாய்க்காத மனம்.

ஒளிவுமறைவும் கிடையாது. பூட்டில்லாத இணைப்பில் பாஸ்வேர்டை எழுத்து மாற்றி அனுப்புவான். வழியில் நிற்கும் யாரும் அதைத் திருப்பி வாசித்துக்கொள்ளலாம். 2022 மே 30 முதல் கூகுள் இப்படி வெறும் பாஸ்வேர்டோடு வரும் பழைய செயலிகளைத் தனிநபர் கணக்குகளில் ஏற்பதை நிறுத்தியது. அவன் வருந்தவில்லை, அதே வாசலில் அதே வெள்ளை மனதோடு நின்றான்.

அவனுடைய நாகரிகத்தின் உச்சம் கடைசிக் கமாண்டில் இருக்கிறது. 'அனுப்பு' என்றதும் ஓகே. அந்த ஓகேக்குக் 'காதில் விழுந்தது' என்பதுதான் பொருள். போய்ச் சேர்ந்ததா என்பதைச் சிறிது நேரம் கழித்துத் தனி வரியில் சொல்வான்: 1 என்றால் போனது, 61 என்றால் நெட்வொர்க் கோளாறு, 67 என்றால் பயனர் பெயரோ பாஸ்வேர்டோ சரியில்லை. நல்லதை முந்திச் சொல்லி, கெட்டதைக் காத்திருப்பவர் காதில் மட்டும் போடும் பண்பு.

பெட்டியைக் கட்டிக் கொடுத்தவர்களோ அவனைவிடப் பெரியவர்கள். அந்த ஓகேயைக் கேட்டதுமே ஃபைலை அழித்துவிட்டு உறங்கும்படி எழுதியிருந்தார்கள். சந்தேகப்படாத உள்ளம்! மார்ச், ஏப்ரலில் காப்பிக்குப் பூ மழை வேண்டும். நன்றாகப் பெய்தால் பத்து நாளில் செடி வெள்ளையாகப் பூக்கும். பெய்யாவிட்டால் ஸ்பிரிங்ளர் போட வேண்டும். அரைகுறையாகப் பெய்தால் மொட்டு கெடும். அதனால் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்தாக வேண்டும். ஒரு பருவத்தில் ஓகே மட்டும் வந்தது, அஞ்சல் போகவில்லை; ஃபைலும் அழிந்ததால் சேலத்துக்கு ஒரு கணக்கும் வரவில்லை. பெய்யவில்லை என்று நினைத்து, நனைந்த நிலத்துக்கே குளத்துத் தண்ணீரை இறைத்தார்கள். கோடைக்கென்று சேர்த்துவைத்த தண்ணீர். அடுத்த மாதம் நாற்றுகளுக்கு இல்லாமல் போனது. வீட்டு வாசலில் வாளி வைத்து மழை அளந்திருந்த மேஸ்திரியை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது வரி வரும்வரை காத்திரு, 1 வராவிட்டால் ஃபைலை அழிக்காதே, மறுபடி அனுப்பு: இவ்வளவையும் எழுத ஒரு மாலை போதும். அந்த ஒரு மாலையையும் மிச்சம் பிடித்த சிக்கனத்தை, குளம் வற்றியவர்கள்தான் வாய் நிறையப் பாராட்ட வேண்டும்.