பிட் அடித்த வரலாறு

'பிட்' என்றதும் பரீட்சை ஹாலில் சாக்ஸுக்குள் பதுங்கும் காகிதம் ஞாபகம் வருகிறதா? அந்தச் சொல்லின் பூர்வீகமும் அப்படியொன்றும் பெரிய இடமில்லை. பழைய ஆங்கிலத்தில் 'பிட்டா' என்றால் ஒரு வாய் கடித்தெடுத்த துண்டு. கடிப்பதைச் சொல்லும் 'பைட்' அதன் உடன்பிறப்பு. புட்டைப் பிட்டுத் தின்ற நாம்தான் வெள்ளைக்காரனுக்கு இதைக் கடன் கொடுத்தோம் என்று நம் சொல்லாராய்ச்சிப் புலிகள் கிளம்ப வேண்டாம். உட்காருங்கள்.

பல நூற்றாண்டு ரொட்டியோடும் இறைச்சியோடும் கிடந்த பிட்டைக் காசாக்கிய பெருமை அமெரிக்கக் காலனிகளுக்கும் உண்டு. இங்கிலாந்து அவர்களுக்கு நாணயம் அனுப்புவதில் மகா கஞ்சம். அதனால் மெக்சிகோவிலும் பொட்டோசியிலும் ஸ்பெயின்காரன் மலையைக் குடைந்து (யார் வீட்டு மலை என்று கேட்கக்கூடாது) அடித்த வெள்ளி டாலர்தான் அங்கே ஓடியது. டாலருக்கு எட்டு ரியால். சில்லறை இல்லையா? உளியை வை, சுத்தியலால் ஒரு போடு. எட்டில் ஒரு துண்டு, ஒரு பிட். மிச்சத்துக்கு மிட்டாய் தரும் வித்தை தெரியாத காலம். வெட்டுகிறவன் யோக்கியனாக இருந்தால் எட்டுத் துண்டு வரும். கெட்டிக்காரனாக இருந்தால் ஒன்பது.

1792-ல் அமெரிக்கா நூறு சென்ட் கொண்ட சொந்த டாலரைச் சட்டமாக்கியது. ஒரு பிட் 12½ சென்ட் ஆயிற்று. அப்படியொரு காசை அமெரிக்கா அடிக்கவில்லை. ஆகவே பத்து சென்ட் கொடுத்தால் 'குட்டை பிட்', பதினைந்து கொடுத்தால் 'நெட்டை பிட்'. ஸ்பானியக் காசு 1857-ல் செல்லாக்காசானது. உளிக் கணக்கு மட்டும் போகவில்லை. கோட்டு சூட்டு போட்ட நியூயார்க் பங்குச் சந்தை, மனிதன் நிலாவுக்குப் போய்வந்த பிறகும் எட்டில் ஒன்று, எட்டில் மூன்று என்றே கூவிக்கொண்டிருந்தது. 2001-ல்தான் தசமத்துக்கு வந்து சேர்ந்தது.

இதற்கிடையே 1948-ல் பெல் ஆய்வகத்தின் கிளாட் ஷானன், தகவலை ஆம்-இல்லை என்று பொடிப்பொடியாக நறுக்கினார். அந்தப் பொடிக்குப் பெயர்? 'பைனரி டிஜிட்' என்பதன் தலையையும் வாலையும் ஒட்டி 'பிட்' என்றவர் சக ஊழியர் ஜான் டூக்கி. ஷானன் கட்டுரையிலேயே அவர் பெயரைச் சொல்லிவிட்டார். விஞ்ஞானிகளிடம் அபூர்வமாகக் காணும் குணம்.

1956-ல் ஐபிஎம் பொறியாளர் வெர்னர் புக்ஹோல்ஸ், பிட்களின் கூட்டத்துக்குக் 'கடி' என்றே பெயர் வைத்தார். எழுத்து ஒன்று விழுந்தால் பிட் ஆகிவிடுமே என்று எழுத்துக்கூட்டலை மட்டும் மாற்றிப் 'பைட்' ஆக்கினார். பின்னால் வந்தவர்கள் அரை பைட்டுக்கு 'நிபிள்', அதாவது கொறிப்பு, என்று பெயரிட்டார்கள். கணினித் துறையின் அடித்தளமே கடி ஜோக்தான்.

பைட்டுக்கு எட்டு பிட் என்பது பிறகு நிலைத்தது. இணைய இணைப்பு விற்பவர் '100 மெகாபிட் வேகம்' என்று பெருமை பேசினால் எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்: நொடிக்கு 12½ மெகாபைட். அதுவும் கிடைத்தால்.