போட்டோ எடுத்தாச்சா, மாப்ளே?

எடுத்தாச்சுன்னா, செடி பேரை அதுகிட்ட கேக்காம போனைப் பையில போடு. வரப்புல கால் வச்சதும் பூவுக்கு மேல குனிஞ்சு நிக்கிற பட்டணத்து மாப்பிள்ளைமாரை நானும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். பொண்ணு பார்க்கப் போய் மூக்குத்தியை மட்டும் பார்த்துட்டு வந்தவன் கதைதான் உங்க கதை. பூவைக் கடைசியில பாரு.

மொதல்ல தண்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டு. நாலு பட்டையாத் தட்டுப்பட்டு, இலை எதிரெதிரா ஜோடி கட்டி, பூவுக்கு மேலுதடு கீழுதடு இருந்தா அது பெரும்பாலும் துளசி வகையறா. தும்பை அப்படித்தான். உன் போனுக்கு விரல் இல்லையே, பாவம்.

வாய்க்கால் ஓரத்துல ஆளு ஏமாறுறது கரிசலாங்கண்ணியில. வெட்டுக்காயப் பூண்டைப் பறிச்சுக்கிட்டு வந்து, முடி கறுக்கும்னு எண்ணெய் காய்ச்சுறவுக இருக்காக, எண்ணெய்க்குத்தான் கேடு. ரெண்டும் சூரியகாந்திக் குடும்பம். நீ ஒத்தைப் பூன்னு நினைக்கிறது பொடிப்பூக் கூட்டம். வெட்டுக்காயப் பூண்டுக்குக் காம்பு நீளம், நடுவுல மஞ்சள், சுத்தி பெரும்பாலும் அஞ்சு வெளுத்த இதழ், ஒவ்வொண்ணு நுனியும் மூணாப் பிளந்திருக்கும். முத்தினா விதை பஞ்சோட பறக்கும். கரிசலாங்கண்ணிக்கு அந்த மஞ்சளும் இல்ல, பஞ்சும் இல்ல. இதழ் பொடிசு, எண்ணிக்கை ஜாஸ்தி. இன்னும் சந்தேகமா? கசக்கு. சாறு கறுத்துப் போகும். வெள்ளைச் சட்டையில துடைச்சா வீட்டுக்காரி மிச்சத்தைச் சொல்லித் தருவா.

செடியை அடையாளம் காணுறது அவசரத்துல ஆகுற காரியமில்ல. கேம்பிள்னு ஒரு வெள்ளைக்காரர், காட்டு இலாகா அதிகாரி. சென்னை மாகாணத்துச் செடிகளைப் பத்தின அவர் புத்தகம் 1915-ல வர ஆரம்பிச்சது, முடிஞ்சது 1936-ல. அவர் 1925-லயே போய்ச் சேர்ந்துட்டார். பாக்கியை ஃபிஷர்னு ஒருத்தர் முடிச்சார். நீ அரை நிமிசத்துல முடிச்சுப்புடுற. கெட்டிக்காரன்தான்!

சரி, பூவே வராத செடியை என்ன பண்ணுவ? செங்காந்தளை எடுத்துக்கோ, நம்ம மாநிலப் பூ. பூத்துட்டா ஆறு இதழும் மேல மடங்கி நிக்கும், குருடனுக்கும் தெரியும். பூக்கலைன்னா இலை நுனியைப் பாரு: சுருண்டு, பக்கத்து வேலியைப் பிடிச்சுக்கிட்டு ஏறும். அதோட கிழங்குல கொல்சிசின்னு விஷம் இருக்கு, ஆளையே கொல்லும். அதை உன் போனு வள்ளிக்கிழங்குன்னு சொல்லிச்சுன்னா, அடுப்பை மூட்டுறதுக்கு முந்தி என்னை ஒரு வார்த்தை கேட்டுக்கோ மாப்ளே.