மல்லிகடானி

சென்ற வியாழக்கிழமை மாலை, மழையினால் குழித்தறியில் ஈரம் ஊறி நெசவு நின்றுபோய், செய்வதற்கு வேலை எதுவும் இன்றித் திண்ணையில் உட்கார்ந்து, யாருக்கும் ஒரு கெடுதலும் நினையாமல் இருந்த என்னிடம், ஆறாம் வகுப்பு வாசிக்கும் என் பேரன் கொண்டு வந்து நீட்டிய நோட்டுப் புத்தகத்தைப் பற்றி இவ்விடத்தில் பிரஸ்தாபிக்க வேண்டியிருக்கிறது. ‘தினம் ஐந்து வார்த்தை’ நோட்டு. பழுப்பு அட்டை போட்டு உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும்; ஆகையால் விஸ்தரிக்கவில்லை. ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்வதற்கு மிகச் சுலபமான உபாயம் ஒன்றை நாற்பது வருஷ அநுபவத்தில் நான் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு முன்னால் இந்த வியாழக்கிழமைச் சமாசாரத்தை முடித்துவிடுகிறேன்.

ஐந்தாவது வார்த்தை மல்லிகடானி. பையன் எழுத்துக் கூட்டி, மூன்று தடவை தடுக்கி விழுந்து எழுந்து, “அப்படின்னா என்ன தாத்தா?” என்றான். தெரியாது என்று பேரனிடம் சொல்லுகிற பழக்கம் எங்கள் வம்சத்தில் கிடையாது. அத்வானி, கிருபளானி என்பதுபோல் காதில் விழுந்தபடியால், “யாரோ ஒரு சிந்தி சேட்டின் குடும்பப் பெயர், பம்பாயில் ஜவுளிக்கடை வைத்திருப்பார்” என்று கம்பீரமாகச் சொன்னேன். அவனும் எழுதிக்கொண்டான். அதே சமயத்தில், பையனுக்கு ஜலதோஷம் என்று என் சம்சாரம் மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு ரசம் கொதிக்கவைத்துக் கொண்டிருந்தாள் என்பதையும், அந்த வாசனை திண்ணைவரை வந்து எங்கள் இருவர் மூக்கையும் துளைத்துக்கொண்டிருந்தது என்பதையும் வாசகர்கள் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் நோட்டு சிவப்பு மை வட்டத்தோடு திரும்பி வந்தது. ‘காரமான ஒரு வகை சூப்’ என்பதே சரியான விடையாம். பத்துத் தடவை இம்பொசிஷன்.

சூப்பாம்! மிளகுத் தண்ணீர் ஐயா, மிளகுத் தண்ணீர்! நம் வீட்டு அடுப்பில் கொதித்த மிளகுத் தண்ணீரைக் கம்பெனி காலத்துத் துரைமார் குடித்துப் பார்த்து, அதில் கோழியைப் போட்டு, சோற்றைப் போட்டு, பெயரையும் வாயில் நுழைந்த மட்டும் உச்சரித்துக் கப்பலேற்றிக் கொண்டுபோக, யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அதன் தமிழ்ப் பூர்வோத்தரம் பதிவாகியும் இருக்க, அந்தச் சொல் இத்தனை காலம் கழித்து எங்கள் ஐயம்பேட்டைக்குத் திரும்பி வந்து, மிளகு ரசம் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையையே பரீட்சை வைத்து மிரட்டுகிறது. நமது மிளகுக்கு ஒரே ஒரு ளகரம் போதும். அவர்கள் மிளகுக்கு இரண்டு ‘எல்’ வேண்டுமாம். பையன் ஒன்றைக் குறைத்து எழுதியதற்கு அரை மார்க் போயிற்று. ஒரு ‘எல்’ குறைந்தால் காரம் குறைந்துவிடுமா, ஜலதோஷம்தான் நிற்காமல் போய்விடுமா? வாக்கியத்திலும் தகராறு. ‘ஐ டிரிங்க் மல்லிகடானி’ என்று அவன் எழுதியதை ‘ஈட்’ என்று திருத்தியிருந்தார்கள். குடிக்கிற பதார்த்தத்தைச் சாப்பிடச் சொல்லுகிற பாஷை என்ன பாஷை என்று நான் கூச்சலிட்டபோது, “நீங்க காப்பி சாப்பிடறதில்லையா?” என்று சம்சாரம் சமையலறையிலிருந்து குறுக்கே பேசினாள். அது வேறு விஷயம்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று இதனால் எண்ணிவிடக் கூடாது. வாலிபத்தில் லிப்கோ டிக்ஷனரியை முதலிலிருந்து நெட்டுருப் போட ஆரம்பித்தவன் நான். எங்கள் வீட்டுப் பிரதியில் ‘ஏ’ எழுத்துப் பக்கங்களை மட்டும் கரையான் தின்றுவிட்டது. பாங்குக்கு நான் எழுதும் மனுக்களில், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்க வேண்டிய அந்த ஒற்றை ‘ஏ’ ஒருநாளும் நில்லாமைக்குக் கரையானே காரணம், நான் அல்லேன்.

என் மருமகளின் கட்சி வேறு. அமெரிக்காவில் 1985-இல் பாலு நடராஜன் என்னும் பிள்ளை ‘மில்யூ’ என்ற வார்த்தையை எழுத்துக் கூட்டிச் சொல்லித் தேசியப் போட்டியில் ஜயித்ததையும், 2019-இல் அதே போட்டியில் கடினமான வார்த்தைகள் தீர்ந்துபோகும் நிலைமை வந்து எட்டுப் பேருக்குச் சேர்த்துப் பட்டம் கொடுத்ததையும், அந்த எட்டில் ஏழு பேர் இந்திய வம்சத்தினர் என்பதையும் போனில் பார்த்துவிட்டு, “ஒன்பதாவதா நம்ம பையன் நிக்கக் கூடாதா, மாமா?” என்கிறாள். போதாக்குறைக்கு அண்ணா வேறு இருக்கிறார். 1909-இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, இரு பாஷையிலும் சபையைக் கட்டிப்போட்ட அவரை உதாரணம் காட்டாத தகப்பன் இந்த வட்டாரத்தில் கிடையாது. புஸ்தகசாலைகளில் பழியாய்க் கிடந்து படித்தவர் அவர். பழுப்பு அட்டை நோட்டுப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பையனுக்கு வார்த்தை வேண்டுமானால் கண்ணெதிரே தறி கிடக்கிறது. கோர்வைச் சேலை நெய்யும்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பித் தள்ளுவது அவன் அம்மாவின் கை; தார் சுற்றுவது அவன் பாட்டியின் கை. “நாடாவுக்கு இங்கிலீஷில் என்னடா?” என்றேன். விழித்தான். “ஷட்டில்” என்றேன். “அது பாட்மிண்டன், தாத்தா” என்றான், என்மேல் இரக்கப்பட்டு. தறி நாடாவைப் போல் இங்குமங்கும் ஓடுவதனால்தான் அந்த இறகுப் பந்துக்கு அப்பெயர் வந்தது என்றும், அவன் பையில் இருக்கிற டெக்ஸ்ட் புக்கும் கடைப் பலகையில் இருக்கிற டெக்ஸ்டைலும், நெய்வது என்று பொருள்படும் ஒரே லத்தீன் வினையிலிருந்து பிறந்தவை என்றும் நான் உபந்நியாசம் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இது டெஸ்ட்டுக்கு வருமா?” என்றான். வராது என்றேன். “அப்ப வேணாம் தாத்தா.”

உபாயத்தைச் சொல்ல வேண்டும். ஆனால் இதை எழுதிக்கொண்டிருக்கையிலேயே இன்றைய ஐந்து வார்த்தை வந்துவிட்டது. முதல் வார்த்தை செரூட். நமது சுருட்டேதான், அதுவும் கப்பலேறிப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. ‘மை கிராண்ட்ஃபாதர் ஸ்மோக்ஸ் ஏ செரூட் பிஹைண்ட் தி ஹவுஸ்’ என்று வாக்கியம் அமைத்திருக்கிறான். எனக்கு வசப்படாத அந்த ‘ஏ’, உரிய ஸ்தானத்தில் கம்பீரமாக நிற்கிறது. கீழே பெரியவர்கள் கையெழுத்துக்குக் கோடு போட்டிருக்கிறது. நான் சுருட்டை விட்டு இரண்டு வருஷமாகிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் என் சம்சாரத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் அர்த்தம் சொல்லி வீட்டார் காதில் விழும்படி உரக்கப் படிக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து விதி. பையன் சமையலறை வாசற்படியில் போய் நின்று தொண்டையைச் செருமிக்கொள்கிறான்.