தலைக்கு மேலால் போகுமா?

கேள்வி: ஶ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிறார்கள் என்றால் ராவெல்லாம் ஃபோனும் கையுமாகக் கிடக்கிறேன். "ஒருநாளைக்கு நம்மட கூரையிலதான் விழப்போகுது" என்கிறார் வாப்பா. விழுமா?
– ஒரு வாசகர், பொத்துவில்

பதில்: வாப்பாவை நிம்மதியாகப் படுக்கச் சொல்லுங்கள் தம்பி. துருவப் பாதைக்குப் போகிற பி.எஸ்.எல்.வி. நேர் தெற்கே பறந்தால் இலங்கைக்கு மேலால்தான் போக வேண்டும். கழன்று விழும் பாகங்கள் ஊருக்குள் விழக் கூடாதே! அதனால் முதலில் தென்கிழக்காகக் கடலுக்கு மேலால் போய், தீவை விலகிய பிறகுதான் தெற்கே திரும்புகிறது. எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், தூக்கும் சுமையும் குறையும். அறுகம்பையில் ஆட்டோ சுற்றிப் போனால் காசு நம்முடையது. இங்கே சுற்றுக்கூலி முழுக்க இஸ்ரோவின் கணக்கு.

சின்ன ராக்கெட்டுக்கு இந்தச் சுற்று கட்டாது. அதற்காகவே தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் புது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நட்டார்கள். அங்கிருந்து நேரே தெற்கு, தீவுக்கு மேற்குப் பக்கமாக. அதைப் பார்க்கப் புத்தளத்தில் சொந்தக்காரர் யாரும் இருக்கிறார்களா என்று வாப்பாவிடமே கேட்டுவையுங்கள்.