பெயர்ப்பட்டி இயல்: ஊவா மலைநாட்டுப் பயணப் பைகள் குறித்த ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

நூல் எவருக்குப் பயன்படும் என்று முதலில் சொல்லிவிடுவது மரபு. இது பதுளை ஸ்டேஷனில் இறங்கி, தன் பை எது, அடுத்தவர் பை எது என்று தெரியாமல் நிற்பவர்களுக்குப் பயன்படும். கொழும்புக் கோட்டையிலிருந்து 292 கிலோமீட்டர் மூச்சு வாங்கி ஏறிவரும் கோச்சி 1924 முதல் இங்கேதான் வந்து முடிகிறது. இதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. தீபாவளிக்கு முதல் நாள், கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது, மேல்தட்டுப் பைகள் எல்லாம் கறுப்பு. எல்லாம் சக்கரம் வைத்தவை. எல்லாவற்றிலும் ஜிப் ஒரே இடத்தில் பிய்ந்திருக்கும். "அண்ணே, அது எங்க பேக்குங்க" என்ற குரல் அப்புத்தளையில் தொடங்கி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேட்கும். இத்தனைக்குப் பிறகும் பூத்தையல் போட்ட பெயர்ப்பட்டிக்கு ஒரு நூற்பாகூட இல்லாதது தமிழுக்குப் பெருங்குறை. அதை நீக்கவே இம்முயற்சி.

1. இலக்கணம்

பெயர்ப்பட்டியாவது பையில் தொங்குவது, உடையவரைச் சொல்வது, பைக்கு முன்னே கிழியாதது. கைப்பிடியில் கட்டும் சிவப்பு நாடாவும் அவ்வேலையைச் செய்யாதோ எனின், செய்யாது. நாடா "இது என்னுடையது" என்று மட்டுமே சொல்லும். அந்த "நான்" யார் என்று சொல்லாது. அன்றியும், லயத்தில் ஒரு வீட்டில் நாடா வாங்கினால் மற்ற வீடுகளுக்கும் அதிலிருந்தே வெட்டிக் கொடுப்பார்கள். ஆகவே ஒரு லயம் முழுவதும் ஒரே அடையாளத்தோடு பயணம் போகும்.

2. வரலாறு

கனடாவின் மாங்டன் நகரத்து ஜான் மைக்கேல் லயன்ஸ் என்பவர், இரண்டாகப் பிரிக்கக்கூடிய பயணப் பைச் சீட்டுக்கு 1882இல் காப்புரிமை பெற்றார். பாதி பைக்கு, பாதி பயணிக்கு. மேலைநாட்டார் இதைப் பெரிதாகச் சொல்வர். மலையகத்தார் அசர வேண்டியதில்லை; இங்கே ஆளுக்கே சீட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த தொழிலாளியிடம் தகரச் சீட்டு ஒன்று இருந்தது. அதில் பொறித்திருந்தது தோட்டத்தின் எண். ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்பதை வழியிலுள்ள அதிகாரிகள் அந்தத் தகரத்தைப் பார்த்தே அறிந்தார்கள். பெற்றுக்கொள்பவரின் முகவரி உண்டு, அனுப்பப்படுபவரின் பெயர் இல்லை என்பது நோக்கற்பாலது.

இரண்டாவது சான்று தேயிலைப் பெட்டி. 1890இல் தோமஸ் லிப்டன் தம்பேதென்னயில் கட்டிய தொழிற்சாலை போன்றவற்றிலிருந்து இறங்கிய பெட்டிகளில் தோட்டத்தின் பெயர், பி.ஓ.பி. முதலான ரகம், இன்வொய்ஸ் எண், மொத்த நிறை, நிகர நிறை எல்லாம் உண்டு. கொழுந்து எடுத்தவருக்கு அதில் இடம் விடப்படவில்லை. அவர் பெயர் தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் இருந்தது. நிறை குறைந்த நாளில் அங்கேயும் அரைப்பேராக இருந்தது.

மூன்றாவது, ரங்குப் பெட்டி. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறியவர்களின் பெட்டி மேல் பெயின்டால் எழுதிய பெயர் அவரவருடையது. பட்டியியலில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் பெயருக்குக் கீழே எழுதிய ஊரைப் பலர் பார்த்ததே இல்லை. பயணத்தை முடிவு செய்தவர்களும் வேறு இடத்தில் இருந்தார்கள்.

நான்காவது, விமான நிலையம். கட்டுநாயக்கவில் பைக்கு ஒட்டும் பார்கோட் சீட்டில் பத்து இலக்கம் உண்டு. அதே கட்டுநாயக்கவில் 1978இல் திறந்த ஏற்றுமதி வலயத்துக்குத் தைக்கப் போன மலையகப் பெண்களின் கையில் நாள் முழுக்க ஓடுவது கடல் கடந்த கம்பெனியின் லேபல்.

இந்நான்கையும் சேர்த்து நோக்கத் துணியப்படுவது யாதெனின்: நம் மேலோ நம் பொதி மேலோ எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை பிறர் எழுதியவை. சொந்தப் பெயரைச் சொந்த ஊசியால், தான் போக நினைத்த பயணத்துக்கு எழுதுவது புது வழக்கு.

3. செய்முறை

நான்கு அங்குலம் நீளம், இரண்டரை அங்குலம் அகலம். துணி, பழைய டெனிம் காற்சட்டையின் தொடைப்பகுதி. முழங்கால் ஆகாது, அது ஏற்கனவே தேய்ந்தது. விறைப்புக்கு நடுவில் பக்ரம். எம்பிராய்டரி நூலில் ஆறு புரி இருக்கும். எழுத்துக்கு இரண்டு போதும். ஆறையும் ஒன்றாகக் கோப்பவர் ஊசிக்கும் கண்ணுக்கும் பகைவர். நூல் சாயம் போகாததா என்று முதலில் நனைத்துப் பார்க்க வேண்டும். பதுளைக்கு மழை வருவதும் தீபாவளி வருவதும் ஒரே காலத்தில். விளிம்பு முழுவதும் காஜாத் தையல்; வார் கோக்கும் துளைக்கு இரட்டைக் காஜா.

4. எழுத்து இயல்

ஆங்கில எழுத்துக்குப் பின்தையல் போதும், கோடுகள் பெரும்பாலும் நேரானவை. தமிழுக்குக் காம்புத் தையலே பொருந்தும். வளைவு வரும் இடத்தில் தையலைக் குறுக்க வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பிரெஞ்சு முடிச்சு. இதில் அலட்சியம் கூடாது. "குமார்" என்பவரின் கடைசி முடிச்சு நானுஓயாவில் அவிழ்ந்தால், பதுளையில் இறங்குபவர் "குமார". இனப்பிரச்சினை ஒரு முடிச்சில் தீர்ந்துவிட்டதென்று சிலர் மகிழலாம், பை கிடைக்காது.

எந்தப் பெயரைத் தைப்பது என்பது அடுத்த ஐயம். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் எழுத்து மாறிய இன்னொன்று, வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது என இருப்பவர் பலர். விமானத்துக்குப் பாஸ்போர்ட் பெயர். கோச்சிக்கு வீட்டுப் பெயர். ரயிலில் தொலைந்த பையைத் தேடி வருபவர் பதிவாளர் அல்லர்.

5. முகவரிச் சிக்கல்

கடையில் வாங்கும் பட்டிகளில் பெயருக்குக் கீழே முகவரிக்கு மூன்று வரி விட்டிருப்பார்கள். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஒபிஸுக்கு வந்து, கை மாறிக் கை மாறி, சில வேளை நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு வீடு சேரும். தோட்டத்தின் பெயரைத் தைத்தால் போதாதோ எனின், அது தகரச் சீட்டுக்குத் திரும்புவதாகும். பிரிவு, லயம், எத்தனையாவது காம்பரா என்று எல்லாவற்றையும் தைத்தால், பட்டி பையைவிடப் பெரிதாகும்.

6. முடிபும் விதிகளும்

ஒன்று, பெயரைத் தானே தைக்க. தைக்கத் தெரியாதவர் அக்காவிடம் கொடுக்க, ஆனால் எழுத்தைத் தானே எழுதிக் கொடுக்க. இரண்டு, பெயருக்குக் கீழே தொலைபேசி இலக்கம். இன்றைக்கு லயத்து வாசலை நேராகக் கண்டுபிடிப்பது அது ஒன்றுதான். மூன்று, முகவரிக்கென இரண்டு அங்குலத் துணியைக் கூடுதலாக வெட்டி, உள்ளே மடித்து, ஓட்டுத்தையல் மட்டும் போட்டு வைக்க. வீட்டுக்கு இலக்கமும் பாதைக்குப் பெயரும் கிடைக்கும் நாளில் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். அதுவரை துணி உக்கிப் போகாதோ எனின், போகாது. டெனிம் என்று மேலே விதித்தது அதற்காகவே.