நிராகரிக்கப்பட்ட யோசனையின் உகந்த எடை: அம்பத்தூர், ஆவடி நேர்காணல்களை முன்வைத்து ஓர் ஆய்வு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்ட வருபவரிடம் நிராகரிக்கப்பட்ட யோசனை பற்றிய கேள்வியை யாரும் கேட்பதில்லை. டிராயிங்கையும் வெர்னியரையும் கையில் கொடுத்து ஒரு ஜாப் போடச் சொன்னால் அரை மணியில் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். சூப்பர்வைசர், இன்ஜினியர் வேலைக்கு வருபவருக்கு அப்படி ஒரு வெர்னியர் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் எச்.ஆர். சுற்றில், "நீங்கள் சொன்ன யோசனையை மேலிடம் ஏற்காமல் போனதுண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். கேட்பவருக்கு அந்த யோசனை மேல் துளியும் அக்கறையில்லை. இங்கேயும் ஒருநாள் மறுக்கப் போகிறோமே, அன்று இவர் எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்பதே அவர் கவலை. ஆகவே சொல்லத்தக்க யோசனைக்கு ஓர் உகந்த எடை இருந்தாக வேண்டும் என்பது இவ்வாய்வின் துணிபு.

மூத்த சான்று யுத்த காண்டத்தில் இருக்கிறது. சீதையை விட்டுவிடு என்பதை விபீஷணன் அவையிலும் கும்பகர்ணன் போருக்குப் புறப்படும் முன்னும் அண்ணனிடம் சொன்னார்கள், இரண்டும் தள்ளுபடி. விபீஷணன் கிளம்பி எதிர்முகாமில் போய் நின்றான். அங்கே அவனை வைத்து நடந்த விவாதத்தை முறையான நேர்காணலாகவே கொள்ளலாம்: சுக்ரீவன் சேர்க்கக் கூடாது என்கிறான், அனுமன் பரிந்துரைக்கிறான், இராமன் கையெழுத்திடுகிறான். அண்ணனை விட்டு வந்தவனை எப்படி நம்புவது என்ற சுக்ரீவனின் ஐயம் எந்த எச்.ஆருக்கும் வரக்கூடியதே. (அவனே அண்ணனைப் பகைத்துப் பதவிக்கு வந்தவன் என்பது வேறு விஷயம்.) சிக்கல் இங்கேதான். வேலை மாற வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் விபீஷணர்கள். குழு தேடுவதோ, சொல்லிப் பார்த்து, எடுபடவில்லை என்றதும் சூலத்தை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போகும் கும்பகர்ணனை. அவர் நேர்காணலுக்கு வரப்போவதில்லை. பழைய கம்பெனியிலேயே தூங்கிக்கொண்டிருப்பார்.

அப்படியானால் விபீஷணன் எப்படிப் பேசினால் எடுபடும்? ஆவடி ஒரு முன்மாதிரி வைத்திருக்கிறது. அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு 1974-ல் ஒப்புதல் கிடைத்தது. வடிவமைத்தது ஆவடியின் போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம். ராணுவம் ஆட்சேபம் மேல் ஆட்சேபம் எழுப்பி, 2000-ல் 124 டாங்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதற்கு அடுத்த ஆண்டே ரஷ்யாவின் டி-90-க்கும் ஒப்பந்தம் போட்டது. அதை உள்நாட்டில் தயாரிக்கும் பொறுப்பும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கே வந்தது. போட்டியாளனுக்குப் பெயர் பீஷ்மா. வியாசர் கேட்டால் சிரிப்பார். 2010-ல் ராஜஸ்தானில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தார்கள், மேலும் 124 வாங்க முடிவானது. 2021-ல் 72 புதிய அம்சங்களோடு மார்க்-1ஏ வகையில் 118-க்கு ஆர்டர். இடைப்பட்ட காலத்தில் எடை 58.5 டன்னிலிருந்து 68 டன் ஆனது. மறுப்பு, சோதனை, திருத்தம், பாதி சம்மதம் என்று பதிலுக்கான கட்டுமானம் அப்படியே இருக்கிறது. ஆனால் 47 ஆண்டுக் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாது. 68 டன்னை எச்.ஆர். மேசை தாங்காது.

அர்ஜுன் கதையை நிராகரிப்பு என்பதா, தாமதம்தானே என்பார் உண்டு. அந்த ஆட்சேபம் நம் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. எந்த மேலிடமும் 'மாட்டேன்' என்று சொல்வதில்லை. 'பார்க்கலாம்', 'ஆடிட் முடியட்டும்', 'அடுத்த குவார்ட்டரில் பேசலாம்' என்பவையே தொழிற்பேட்டையின் நிராகரிப்பு வடிவங்கள். இன்னொரு கட்சி, 'அப்படி எதுவும் நடந்ததே இல்லை சார்' என்று உள்ளதைச் சொல்லிவிடலாமே என்கிறது. சொல்லலாம். கேட்பவர் அதிலிருந்து இரண்டில் ஒன்றை முடிவு கட்டுவார்: இவருக்கு யோசனையே வந்ததில்லை, அல்லது இவர் முதலாளியின் மாப்பிள்ளை. எதிர்க்கோடியில், கம்பெனியின் சாஃப்ட்வேரையே மாற்றச் சொன்னேன், கேட்கவில்லை, இப்போது படுத்துவிட்டார்கள் என்று முடிப்பவர் இருக்கிறார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரியாகவே இருக்கலாம். அதுதான் அவருக்கு எமன். மேலிடத்தைத் தோற்கடித்தவரை இன்னொரு மேலிடம் கூப்பிட்டு வைத்துக்கொள்ளாது.

உகந்த எடையுள்ள யோசனை என்பது இருவர் தூக்கக்கூடிய மேசை அளவுதான். பதில் இப்படி இருக்கலாம்: பர் (பிசிர்) எடுக்கும் மேசையை மெஷினுக்குப் பக்கத்தில் போடச் சொன்னேன். ஆடிட் முடியட்டும் என்றார்கள். ஒரு வாரம் பையன் எத்தனை நடை நடக்கிறான் என்று எழுதிக் காட்டினேன். முதல் ஷிஃப்டுக்கு மட்டும் சரி என்றார்கள். இங்கே நிறுத்திவிட்டால் குழுவில் ஒருவர் கட்டாயம் 'அப்புறம்?' என்பார். எல்லா ஷிஃப்டிலும் மாற்றிப் பரிசும் கொடுத்தார்கள் என்று நீட்டுவது ஆபத்து, கதை பளபளப்பாகிவிடும். 'ரெண்டாம் ஷிஃப்டில் இன்னும் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டுக்கிறாங்க சார்' என்பவரிடம்தான் அடுத்த கேள்வியாக நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று கேட்கிறார்கள்.